பெயர் சுரண்டப்பட்ட கித்தார்

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்த வியாதி. மீன்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் கட்டை விரலைப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னிடம் அன்பாகப் பேசிவிட்டால், இவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தே அந்த நாள் போய்விடும். இப்படிப்பட்டவன் ரேடியோ பழுது பார்க்கும் வேலைக்குப் போனது பொருத்தம்தான். பண்டார் ஹிலிரில் நான் வேலை பார்த்த கடையில் எந்த ரேடியோவைத் திறந்தாலும், எனக்கு முன்னால் திறந்தவன் என்ன கோல்மால் செய்து வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் தேடுவேன். பல சமயம் கண்டும் பிடிப்பேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

நாடு சுதந்திரம் பெற்று ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில் தடுக்கி விழுந்தால் ஒரு கித்தார் கோஷ்டியின் மேல்தான் விழ வேண்டும். கஜா பேராங்கில் எங்களுக்கும் ஒரு கோஷ்டி இருந்தது. டிரம் அடித்தவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்த அண்ணன், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். பேஸ் கித்தார் வாசித்தது அவருடைய மச்சினன்; அந்த ஆள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான் ரிதம் கித்தார், அதாவது பின்னால் நின்று சரக் சரக் என்று இழுப்பவன். முன்னால் நின்று கைதட்டல் வாங்கியவன் அதே கஜா பேராங்கில் இருந்த சிட்டி கம்பத்திலிருந்து, அதாவது சிட்டிகளின் குடியிருப்பிலிருந்து, வந்த என் நண்பன்.

சிட்டிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, இங்கேயே ஊறிப்போனவர்கள். கும்பிடுவது நம் மாரியம்மன், நெற்றியில் நம் திருநீறு, வாயில் மட்டும் மலாய் மாதிரி ஒரு பேச்சு. நண்பனுக்குத் தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் ஒழுங்காகத் தெரியும். மீதியெல்லாம் தட்டுத் தடுமாறித்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. தமிழ் பேசாத இந்துவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று என் மனசுக்குள் எப்போதும் ஒரு நமைச்சல். வெளியே சொன்னதில்லை. சொல்லாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா?

திங்கட்கிழமை அண்ணனின் கடைக்கு விடுமுறை. அன்று கடைக்குள்தான் எங்கள் பயிற்சி. பயிற்சி அரை மணி நேரம், சண்டை மூன்று மணி நேரம். எந்த நாட்டுக் கித்தார் உசத்தி என்பதுதான் சண்டை. எங்களில் ஒருவரிடமும் உசத்தியான கித்தார் கிடையாது என்பது சண்டைக்கு ஒரு தடையாகவே இருந்ததில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் முகாமில் படித்துவிட்டு எறிந்த பழைய பத்திரிகைகளில் படம் பார்த்தே நாங்கள் பண்டிதர்கள் ஆகியிருந்தோம்.

“அமெரிக்காக்காரன் சாமான் அமெரிக்காக்காரன் சாமான்தான் தம்பி. கழுத்தப் பாரு, பொம்பள கையாட்டம் இருக்கும்,” என்பார் அண்ணன்.

“ஜப்பான்காரன் இப்ப அதே மாதிரி செய்றான்ணே. வெல பாதிதான்,” என்று நான் சீண்டுவேன்.

“ஜப்பானா? அவென் ஆண்ட மூணு வருசமும் மரவள்ளிக்கெழங்கு தின்னது இன்னும் தொண்டையில நிக்கிது. அவென் கித்தார நான் கையால தொடுவனா?”

அவருடைய டிரம்மின் ஓரத்தில் ஜப்பான் என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்ததை நான் எப்போதோ பார்த்துவிட்டேன். ஒருநாள் உபயோகப்படும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

கித்தார் சண்டை ஓய்ந்ததும் பேச்சு வாசிப்பவர்கள் பக்கம் திரும்பும். அதிலும் நன்றாக வாழ்ந்தவர்கள் கதை எங்களுக்கு வேண்டாம், கெட்டுச் சீரழிந்தவர்கள் கதைதான் வேண்டும். தன் மெட்டை யாரோ திருடுகிறார்கள் என்று பயந்து, வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவன் ஒருவன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தே வாசித்தவன் ஒருவன். உண்மையோ பொய்யோ, யாருக்குத் தெரியும்? ஆனால் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். சுதந்திரத்துக்கு முந்திய வருஷங்களில், ராக் இசை புதிதாக வந்தபோது, சிங்கப்பூரில் ஒரு நடன அரங்கில் வாசித்தவர். மேடையில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஆள் பினாங்கு என்பார்கள், சிலோன் என்பார்கள். இடக்கைப் பழக்கம். நாங்கள் அவரை இடக்கையன் என்றே சொல்வோம்.

அண்ணன் ஒரு கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் போனபோது அவரை நேரில் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பாட்டு நடுவில் வாசிப்பதை நிறுத்தி, கித்தாரைக் கழற்றி, ஒரு நாற்காலியில் ஆள் மாதிரி உட்கார வைத்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தின் ஊடாக நடந்து வாசல் வழியே போய்விட்டாராம். அதற்குப் பிறகு அவரை மேடையில் யாரும் பார்க்கவில்லை.

அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று ஆளுக்கு ஒரு முடிவு சொல்வோம். என் முடிவுக்குத்தான் மவுசு அதிகம். இடக்கையன் ஒரு பாட்டில் சரக்குக்காகக் கித்தாரை நீட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் சாக்கடையில் விழுந்து கிடந்ததாக நான் நடித்தே காட்டுவேன். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்து வாடிக்கைக்காரர் துண்டால் துடைத்துக்கொள்வார். என் நண்பன் மட்டும் அந்தச் சமயம் பார்த்து, “கோப்பி வாங்கிட்டு வர்றேன்,” என்று எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவான். கேட்காமலே காப்பி வாங்கித் தருகிறவனை எப்படி நம்புவது? நான் அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன்.

அவனுடைய கித்தார் வேறு ஒரு புதிர். நல்ல சிவப்பு, இரண்டு கொம்பு, தூக்கினால் தோள் இறங்கும் கனம். அதன் சத்தத்தை எப்படிச் சொல்வது? கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதுக்குள் ஒரு ரீங்காரம் நிற்குமே, அப்படி நிற்கும். ஆனால் தலைப்பக்கத்தில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எங்கே வாங்கினாய் என்று முதல் தடவை கேட்டபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு சிப்பாயிடம் என்றான். ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது, கப்பலில் வேலை பார்த்த செத்துப்போன அண்ணன் கொண்டுவந்தது என்றான். ஒரு கித்தாருக்கு இரண்டு பூர்வீகம்.

ஒரு திங்கட்கிழமை நாங்கள் வரிசையாகக் கண்ணாடியைப் பார்த்து நின்று வாசித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் சிரித்தார்.

“கண்ணாடில பாருங்கடா. எல்லாப் பயலும் இடக்கையன்!”

நான் பார்த்தேன். கண்ணாடியில் நண்பன் இடக்கையால் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தக் கித்தாருக்கு அதுதான் இயல்பாக இருப்பது போல ஒரு கணம் தோன்றியது. அதோடு என் நிம்மதி போயிற்று.

அடுத்த வாரமே அந்தக் கித்தார் என் கைக்கு வந்தது. உர் என்று இரைகிறது, பார்த்துக் கொடு என்று அவனே கொண்டுவந்து தந்தான். கடையில் தனியாக இருந்தபோது அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். விரல்நகம் பட்டு வண்ணம் உரிவது வழக்கமாகக் கம்பிகளுக்குக் கீழேதான். இதில் மேலே உரிந்திருந்தது. கித்தாரைத் திருப்பிப் பிடித்து வாசித்தால்தான் அப்படி உரியும். தோள்வார் மாட்டுகிற ஆணியைப் பிடுங்கி வேறு கொம்பில் அடித்து, பழைய ஓட்டையை அடைத்திருந்தார்கள். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டில் கம்பி பதியும் காடிகள் பலமுறை அடைத்து மறுபடி அறுத்தவை. பின்மூடியைத் திறந்தால், இரைச்சல் வராமல் இருக்க ஒரு சிகரெட் டின்னை வெட்டி உள்ளே சீராக ஒட்டியிருந்தது. நாற்பது கித்தார் திறந்தவனின் கை அது, நண்பனுடைய கையல்ல. போன ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க இந்தக் கித்தார் சுருதி நிற்காமல் படுத்தியதும் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இது இடக்கையனின் கித்தார். அசல் அமெரிக்கா. இந்தக் கனம் அமெரிக்க மரத்துக்குத்தான் வரும். அரங்கத்து நாற்காலியிலிருந்தோ சாக்கடையில் கிடந்தவன் பக்கத்திலிருந்தோ இவனோ இவன் அண்ணனோ எடுத்துக்கொண்டு வந்து, அடையாளம் தெரியாமல் இருக்கப் பெயரைச் சுரண்டியிருக்கிறார்கள். சாக்கடை என் கற்பனை என்பதை நானே மறந்துவிட்டேன், பாருங்கள்.

அப்போதுதான் பண்டார் ஹிலிர் மண்டபத்தில் கோஷ்டிகளுக்கெல்லாம் போட்டி என்று அறிவித்தார்கள். வென்றால் சிங்கப்பூரில் இசைத்தட்டு பதியலாம். எங்கள் வாழ்நாளில் இன்னொரு தடவை வரக்கூடிய வாய்ப்பல்ல. அண்ணன் கடைக் கண்ணாடியில் கோஷ்டியின் பெயரையே எழுதிவிட்டார். போட்டி பொங்கலுக்கு முதல் நாள் மாலை நான்கு மணிக்கு. சிங்கப்பூரிலிருந்தும் ஒரு கோஷ்டி வருகிறது, அதில் இருவர் இடக்கையனோடு வாசித்தவர்கள் என்று பேச்சு.

நண்பனின் முகம் சுருங்கியது.

“அந்த ஹாரி... அந்த நாளு நான் வர்றேன். கித்தார் தா போலே லா. கித்தார் வராது.”

“ஏன் வராது?”

“வீட்டுல சாமி வேல.”

“சாமி வேலைக்கும் கித்தாருக்கும் என்னடா சம்பந்தம்?”

அவன் தரையைப் பார்த்தான். “வேற கித்தார் இரவல் வாங்கி வாசிக்கிறேன். அது மட்டும் கேக்காத.”

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் என்ன பயம்? சிங்கப்பூர்க்காரர்கள் பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுதான் விஷயம் என்று அன்றே அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மேடையின் வண்ண விளக்கில் கித்தாரின் நிறம்கூடத் தெரியவில்லை என்று அவர் நம்பத் தயங்கினார். வண்ணம் உரிந்தது, ஆணி, சிகரெட் டின், இரண்டு பூர்வீகம் என்று அடுக்கினேன். கேஸ் நடத்தும் வக்கீல்கூட அவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருக்க மாட்டார். கடைசியில் அண்ணன், “சரி தம்பி, அன்னைக்குப் போயி கேட்டுருவோம்,” என்றார். கேட்பதல்ல என் திட்டம். அந்தக் கித்தாரை வாங்கி, சிங்கப்பூர்க்காரர்கள் முன்னால் நானே முன்வரிசையில் நின்று வாசிப்பது. என் நியாய உணர்ச்சிக்குள் இந்த ஆசை ஒளிந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போகியன்று மதியம் ஒரு வேனில் டிரம்மையெல்லாம் ஏற்றிக்கொண்டு சிட்டி கம்பத்துக்குப் போனோம். அண்ணன் வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் இறங்கி நடந்துவிட்டேன். நண்பனின் வீட்டு முன்வாசலில் குடும்பம் மொத்தமும் நின்றது. அவன் அம்மா, சித்தப்பா குடும்பம், எல்லாரும் குளித்து நல்ல துணி உடுத்தி, ஒருவரோடு ஒருவர் பேசாமல். நடுக்கூடத்துக் கதவு சாத்தியிருந்தது.

நன்றாகக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் படையல் போடும்போது நாங்களும் இதையேதான் செய்வோம். இலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று வெளியே பேசாமல் நிற்போம். சின்ன வயதிலிருந்து செய்கிறேன். ஆனால் மலாய் பேசும் அந்த வீட்டு வாசலில் அது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் வெளியே நிற்கிறார்கள், கதவைச் சாத்தியிருக்கிறார்கள், உள்ளே எதையோ மறைக்கிறார்கள். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

“கித்தார் எங்கடா?” என்றேன்.

நண்பன் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தான். “ஜாங்கான்,” என்றான். வேண்டாம் என்று அர்த்தம். இன்னும் மெதுவாக, “தோலோங், தயவுசெஞ்சு இப்ப வேணாம்,” என்றான். கெஞ்சுகிறவனைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அவன் கைக்கு அடியில் குனிந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே யாருமில்லை. ஜன்னல்களில் துணி தொங்கியதால் குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும். தரையில் வரிசையாக வாழை இலைகள், சோறு, மீன் குழம்பு, பலகாரம். ஓர் இலைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பாட்டில் கறுப்பு பியரும், மூடி திறந்த ஒரு சிகரெட் டின்னும். கித்தாருக்குள் நான் பார்த்த அதே வகை டின். அந்த இலைக்கு முன்னால், மனிதர் உட்காரும் இடத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் சிவப்புக் கித்தார். கம்பிகள் தலைகீழாக மாற்றிக் கட்டியிருந்தன. இடக்கைக்காரர் எடுத்தால் அப்படியே வாசிக்கலாம். சுவரில் மாலை போட்ட படத்தில் மெலிந்த முகம், எண்ணெய் வைத்து மேலே தூக்கி வாரிய தலைமுடி.

எனக்குப் பின்னால் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். படத்தைப் பார்த்தவர் என் சட்டையைப் பிடித்தார்.

“இவருதான் தம்பி,” என்றார். “நான் மேடையில பாத்தேனே, இவரேதான்.”

சாக்கடை நடிப்பு ஒவ்வொன்றும், காப்பி வாங்க அவன் எதிர்க்கடைக்குப் போன ஒவ்வொரு தடவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

நண்பனின் அம்மா என்னைத் திட்டவில்லை. என்னைத் தாண்டிப் போய், அணைந்திருந்த ஒரு விளக்கை மறுபடி ஏற்றினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவர்கள் பேச்சில் மெதுவாக அவர் சொன்னதை அண்ணனும் நானும் புரிந்துகொண்டோம். “என் மூத்த பிள்ளை எதையும் முடிக்கமாட்டான். எப்பவும் பாதியிலேயே எழுந்து போறவன். சாப்பிடும்போதாவது கடைசிவரைக்கும் உட்காரட்டும்னு இந்த ஒரு நாள் கதவைச் சாத்தி வைக்கிறேன்.”

நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். அங்கேதான் நண்பன், என் முகத்தைப் பார்க்காமல், விட்டு விட்டுச் சொன்னான். அபாங் குடித்தது உண்மை. அபாங் என்றால் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். அன்று மேடையில் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. தப்பாக வாசிக்கக்கூடாது என்றுதான் இறங்கிப் போனார். மறுநாள் அரங்கத்து ஆள் ஒருவர் கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பின் எட்டு மாதம் இந்த வீட்டுப் பின்னறையில் இருமிக்கொண்டு கிடந்தார். அக்கம்பக்கத்தில் கப்பலில் வேலை பார்த்தவர் என்றே சொல்லி வைத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, வலக்கைக்கு மாற்றிக் கட்டி, நண்பன் வாசிக்கக் கற்றுக்கொண்டான். வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் கம்பியை அபாங்குக்காக மாற்றிக் கட்டுவான்.

“கம்பெனிப் பேரு?” என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் அந்த நேரத்தில் அது தெரிய வேண்டியிருந்தது.

“பேரு இல்ல. தெங்கேராவுல அலமாரி செய்ற தச்சன் செஞ்சது. அபாங் பத்திரிகையப் பாத்து வரைஞ்சு குடுத்தாரு. எங்க பழைய வீட்டுக் கதவுப் பலகை.”

அதனால்தான் அந்தக் கனம். சுரண்டப்பட்ட பெயரே அங்கே இருந்ததில்லை. நான் அமெரிக்க மரம் என்று அடித்துச் சொன்னது கஜா பேராங்கில் மழையிலும் வெயிலிலும் திறந்து மூடிய ஒரு கதவு.

இரண்டு மணி நேரம் போல இருந்தது; ஒருவேளை அரை மணிதானோ என்னவோ. அம்மா கதவைத் திறந்து உள்ளே போனார். அந்த இலைக்கு முன்னால் குனிந்து நின்று பார்த்தார். சோறு வைத்தபடியே இருந்தது. எல்லா வருஷமும் அப்படித்தானே இருந்திருக்கும்? ஆனால் அவருக்கு ஏதோ தெரிந்தது.

“தா மாகான்,” என்றார். சாப்பிடவில்லை.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

நாங்கள் போட்டிக்குப் போகவில்லை. அண்ணன் அதே வேனில் டிரம்மைத் திரும்பக் கொண்டுபோய்க் கடைக்குள் வைத்தார், கண்ணாடியில் எழுதிய பெயரை ஈரத்துணியால் துடைத்தார். ஒரு வாரம் கழித்து நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது கித்தார் படத்துக்குக் கீழே சுவரில் தொங்கியது. கம்பிகள் இடக்கைக்குக் கட்டியபடியே இருந்தன. நண்பன் எனக்குக் காப்பி கொடுத்தான், என் மன்னிப்பையும் கேட்டுக்கொண்டான்.

“எப்ப மாத்திக் கட்டுவ?” என்றேன்.

“அபாங் வந்து சாப்பிடட்டும். அப்பறம் மாத்துறேன்.”

நான் மலாக்காவை விட்டுப் போகும்வரை இன்னும் மூன்று போகி வந்தது. மூன்று தடவையும் கையில் ஒரு டின் சிகரெட்டோடு அவர்கள் வேலிக்கு வெளியே நின்றேன். டின்னை அம்மா வாங்கிக்கொள்வார், கதவைச் சாத்துவார்கள், திறப்பார்கள். பொங்கல் கழித்துப் போய்ப் பார்ப்பேன். கம்பிகள் அப்படியே இருக்கும்.

அவர் சாப்பிட வரவில்லையா, இல்லை இவன் என்னை மன்னிக்கவில்லையா என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. அதை மட்டும் நான் திறந்து பார்க்கவில்லை.